இந்திய நேரத்தில் ஒரு நினைவூட்டல்

லண்டன் வந்த புதிதில் வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகுதான் மதுரைக்குப் போன் போடுவேன். குளிர்காலத்தில் இங்கே மாலை ஆறரை என்றால் அங்கே நள்ளிரவு. அம்மா தூக்கக் கலக்கத்தில் "சாப்பிட்டியாப்பா?" என்பார், அதோடு சரி.

இப்போது மதிய இடைவேளையில், ஒன்றரைக்குக் கூப்பிடுகிறேன். குளிர்காலத்தில் அப்போது அங்கே இரவு ஏழு. மார்ச் கடைசி ஞாயிறு இங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே போகும், அக்டோபர் கடைசி ஞாயிறு பழையபடி திரும்பும். இந்தக் குழப்பமே வேண்டாம். போன் காலண்டரில் நினைவூட்டலை இந்திய நேரப்படி போட்டுவிடுங்கள்.

அப்புறம், "எப்படி இருக்கீங்க?" என்று ஆரம்பிக்காதீர்கள். ரசத்துக்கு மிளகு எவ்வளவு என்று கேட்டுப் பாருங்கள். பேச்சு பக்கத்து வீட்டுக் கல்யாணம் வரை போகும். என் சாண்ட்விச்தான் காய்ந்துகொண்டிருக்கும்.