மதுரை வீட்டு அறையில் நடந்து பார்க்கும் விஆர்: அமைப்பது எப்படி, எங்கே இடிக்கும்

விஆர் (கண்ணில் மாட்டியதும் வேறொரு உலகுக்குள் நிற்பது போலக் காட்டுகிற கருவி) ஹெட்செட் வாங்கலாமா என்று யார் கேட்டாலும், "அறை எத்தனைக்கு எத்தனை?" என்றுதான் முதலில் கேட்பேன். உட்கார்ந்த இடத்தில் பார்க்கிற விஆர் வேறு. இங்கே சொல்லப்போவது எழுந்து நின்று, நாலு எட்டு நடந்து, குனிந்து, எட்டிப் பார்க்கிற வகை. ரூம்-ஸ்கேல் என்பார்கள். இதன் அருமை, தொல்லை இரண்டுமே அந்த அறையிலிருந்துதான் வருகின்றன. உள்ளே தெரிகிற மேசைக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்க்க நிஜமாகவே முட்டி போட்டுக் குனிகிறீர்கள். கண்ணும் காதும் காலும் ஒரே சேதியைச் சொல்வதால், பட்டனை அழுத்தி நகரும்போது வருகிற தலைசுற்றல் இதில் வருவதில்லை. இந்த அனுபவத்துக்கு ஈடாக வேறு எந்தத் திரையையும் என்னால் சொல்ல முடியாது. அதே சமயம், கண்ணை மூடிக்கொண்டு கட்டிலும் பீரோவும் இருக்கிற ஒரு அறைக்குள் நடக்கிறீர்கள் என்பதும் உண்மை.

என்னுடையது எச்டிசி வைவ், 2016-இல் வந்த முதல் மாடல். கே.புதூரில் மாடி அறையில் வைத்திருக்கிறேன். மெட்டா நிறுவனத்தின் குவெஸ்ட் 3 ஹெட்செட்டை நண்பர் வீட்டில் அமைத்துக் கொடுத்திருக்கிறேன். விளையாட்டுகளை இறக்குகிற ஸ்டீம் தளத்தில் கணக்கு திறப்பது, டிரைவர் போடுவது எல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. திரையில் வருவதைப் படித்து அழுத்திக்கொண்டே போனால் முடிந்துவிடும்.

எந்த வகை வாங்குவது

வைவ் மாதிரியான வகையில் அறையின் எதிரெதிர் மூலைகளில் இரண்டு பேஸ் ஸ்டேஷன்களை, அதாவது ஒளி வீசி ஹெட்செட் இருக்கிற இடத்தைக் கணிக்க உதவுகிற சின்னப் பெட்டிகளை, பொருத்த வேண்டும். நல்ல கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியும் வேண்டும். குறைந்தபட்சம் ஜிடிஎக்ஸ் 970 என்று அப்போதே சொன்னார்கள். குவெஸ்ட் வகைக்குக் கணினியும் வேண்டாம், சுவரில் எதையும் பொருத்தவும் வேண்டாம். ஹெட்செட்டிலேயே இருக்கிற கேமராக்கள் அறையைப் பார்த்து இடத்தைக் கணக்குப் போட்டுக்கொள்ளும்.

வாடகை வீடென்றால் யோசிக்கவே வேண்டாம், குவெஸ்ட் வகைதான். சுவரில் துளை போடப் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் சம்மதிக்க மாட்டார்கள். சொந்த வீடு, கையில் ஏற்கெனவே கேமிங் கணினி, வைவ் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கிறது என்றால் தாராளமாக வாங்கலாம். கை அசைவைத் துல்லியமாகப் பிடிப்பதில் அந்தப் பழைய வைவை இன்றும் நம்புகிறேன். கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாலும் பேஸ் ஸ்டேஷனுக்குத் தெரியும். கேமரா வகை அங்கே தடுமாறும். படத் தெளிவில் மட்டும் வைவ் பின்தங்கிவிட்டது. ஒரு கண்ணுக்கு 1080-க்கு 1200 புள்ளிகள்தான், சின்ன எழுத்தைப் படிக்கக் கஷ்டம். குவெஸ்ட் 3-இல் அது 2064-க்கு 2208.

செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது ஒன்றைக் கட்டாயம் கவனியுங்கள். முதல் வைவுக்குப் பழைய 1.0 பேஸ் ஸ்டேஷன் மட்டுமே பொருந்தும். 2.0 கொடுத்தால் வேலை செய்யாது. ஹெட்செட், கையில் பிடிக்கிற இரண்டு கன்ட்ரோலர், இரண்டு பேஸ் ஸ்டேஷன் எல்லாம் ஒன்றாக ஓடுவதைக் கண்ணால் பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.

அளவெடுப்பது

நடமாட வேண்டிய இடம் குறைந்தது 2 மீட்டருக்கு 1.5 மீட்டர், அதாவது சுமார் ஆறரை அடிக்கு ஐந்தடி. குவெஸ்டுக்கு 2 மீட்டருக்கு 2 மீட்டர் இருந்தால் நல்லது. சுவரிலிருந்து சுவருக்கு அளந்து பயனில்லை. கட்டில் விளிம்பிலிருந்து பீரோ கதவு வரை அளங்கள். கதவின் கைப்பிடி துருத்திக்கொண்டிருந்தால் அதையும் கழித்துவிடுங்கள். முழங்கையில் படும்போதுதான் அதன் அருமை தெரியும்.

வைவுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. இரண்டு பேஸ் ஸ்டேஷனுக்கும் இடையே மூலைவிட்டமாக 5 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. அது சுமார் பதினாறடி. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் மூலைவிட்டம் பதினைந்தரை அடி சொச்சம் வரும், சரியாகப் பொருந்தும். ஹாலில் வைக்கப்போகிறீர்கள் என்றால் மூலையிலிருந்து உள்ளே தள்ளி வைக்க வேண்டியிருக்கும்.

மின்விசிறி

இதைப் பற்றி மற்றவர்கள் எழுதியதை நான் பார்த்ததில்லை. நம் ஊரில் இதுதான் பெரிய சிக்கல், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் உயரம். அறை நடுவில் நின்று கன்ட்ரோலரைப் பிடித்துக் கையை முழுசாக மேலே தூக்குங்கள், விசிறியை நிறுத்திவிட்டு. ஐந்தரை அடி ஆள் என்றாலும் கன்ட்ரோலர் நுனி ஏழடியைத் தாண்டிவிடும். பத்தடி உயர அறையில் கவலை இல்லை. மொட்டை மாடியில் பிறகு எழுப்பிய அறைகள் ஒன்பதடிக்கும் குறைவாக இருப்பதுண்டு. அங்கே விசிறிக் கம்பி நீளமாகவும் இருந்தால் இறக்கை கைக்கு எட்டிவிடும். கம்பியைச் சிறியதாக மாற்ற எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், அல்லது அந்த நேரத்தில் ஸ்டாண்ட் ஃபேன் போட்டுக்கொள்ளுங்கள்.

இரண்டாவது, என்னை ரொம்ப நாள் அலையவிட்ட விஷயம். படம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும். திடீரென்று அறை முழுவதும் ஒரு ஓரமாக வழுக்கிப் போய்த் திரும்பி வரும். கேபிளை மாற்றினேன், மென்பொருளை அழித்துத் திரும்பப் போட்டேன். அப்புறம் ஒருநாள் பேஸ் ஸ்டேஷன் விளக்கைப் பார்த்துக்கொண்டே நின்றபோது பச்சை மாறி ஊதா வந்தது. ஊதா என்றால் மற்ற ஸ்டேஷனோடு ஒத்திசைவைத் தேடுகிறது என்று பொருள். பேஸ் ஸ்டேஷன்கள் 1.0-இல் ஒயர் இல்லாமல் வைத்தால் ஒன்றையொன்று நேரே பார்த்தாக வேண்டும். ஒன்று விடுகிற அகச்சிவப்பு ஒளியை மற்றது பார்த்துத்தான் தன் முறையைத் தெரிந்துகொள்ளும். எதிரெதிர் மூலைகளுக்கு நடுவே கோடு போட்டால் அது அறையின் மையத்தைத் தொட்டுத்தான் போகும். நம் வீடுகளில் மையத்தில் என்ன தொங்குகிறது? சுழல்கிற இறக்கை அந்த ஒளியை வெட்டி வெட்டி விட்டுக்கொண்டிருந்தது.

தீர்வு இரண்டு. ஸ்டேஷன்களை விசிறி இறக்கைக்கு ஒரு அடியாவது கீழே இறக்குங்கள். ஆறரை அடிக்கு மேல் இருந்தால் போதும், கூரையை ஒட்டி வைக்க வேண்டியதில்லை. முகம் 30 முதல் 45 டிகிரி வரை கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கட்டும். இறக்க முடியாவிட்டால், கூடவே வருகிற ஒத்திசைவுக் கேபிளால் இரண்டையும் இணைத்துவிட்டு, பின்பக்கப் பொத்தானால் சேனலை ஏ, பி என்று மாற்றுங்கள். கேபிள் இல்லாமல் ஓட்டும்போது பி, சி. நான் இறக்கி வைத்தேன்; சுவர் நெடுக ஒயர் ஓடுவது எனக்குப் பிடிக்காது.

விசிறி சுற்றும்போது அதிர்கிற சுவரிலோ, ஆடுகிற ஷெல்ஃபிலோ ஸ்டேஷனை வைக்காதீர்கள். உள்ளே மோட்டார் விநாடிக்கு 60 தடவை சுற்றுகிறது; லேசாக ஆடினாலும் கணக்கு தவறும். வெறும் டிரைபாடை விடச் சுவரில் பிளக் வைத்துத் திருகுவதே நல்லது என்பேன். வீட்டில் யாராவது டிரைபாடைத் தட்டிவிட்டால் மறுபடியும் முதலிலிருந்து அளவு வைக்க வேண்டும்.

பீரோ கண்ணாடியும் சாமி படமும்

பேஸ் ஸ்டேஷன் லேசர் கோடுகளை அறை முழுக்க வீசும். ஹெட்செட்டில் இருக்கிற 32 சென்சார்கள், தங்கள் மீது ஒளி எப்போது பட்டது என்பதை வைத்து இடத்தைக் கணக்கிடும். பீரோ கண்ணாடியில் பட்டுத் திரும்புகிற ஒளி தப்பான நேரத்தில் வந்து சேருவதால், கை ஒரு நொடி எங்கோ பறந்துவிடும். ஆளுயரக் கண்ணாடி பதித்த பீரோ அறையில் இருந்தால் ஒரு போர்வையைப் போட்டு மூடுங்கள். சட்டம் போட்ட படங்களின் கண்ணாடி, டிவி திரை, பளபளக்கும் கிரானைட் மேடை இவையும் இதே வேலையைச் செய்யும். எங்கள் அறையில் மீனாட்சி படத்தைக் கழற்ற அம்மா ஒத்துக்கொள்ளவில்லை. அதன் முன்னால் சின்னத் திரைச்சீலை ஒன்றைத் தொங்கவிட்டோம், விளையாடும்போது மட்டும் இழுத்துக்கொள்வோம்.

கேபிளும் தரையும்

வைவ் கேபிள் 5 மீட்டர். ஒரே பக்கமாகத் திரும்பிக்கொண்டே இருந்தால் காலில் சுற்றும். கூரையில் தொட்டில் கட்டுகிற கொக்கி இருந்தால் அதில் ஒரு சின்ன இழுவைக் கப்பியை மாட்டி கேபிளைத் தலைக்கு மேலே கொண்டுபோங்கள். பாதித் தொல்லை அதோடு தீர்ந்துவிடும்.

தரையில், நடமாடும் இடத்தின் நடுவில் ரப்பர் மிதியடி ஒன்றைப் போடுங்கள். வெறுங்காலில் அது படும்போது நடுவில் இருக்கிறோம் என்று தெரியும். டைல்ஸ் தரையில் கோரைப்பாய் வேண்டாம், வழுக்கும். ஸ்டாண்ட் ஃபேனை ஒரே திசையில் வைத்தால் காற்று எந்தக் கன்னத்தில் படுகிறது என்பதை வைத்து எந்தப் பக்கம் பார்க்கிறோம் என்பதும் பிடிபடும்.

முதல் தடவை போடும்போது

நடமாடும் இடத்தின் எல்லையை ஹெட்செட்டில் வரையும்போது உண்மையான இடத்தை விட ஒரு சாண் உள்ளே தள்ளி வரையுங்கள். வீசுகிற கை எல்லைக்கோட்டைப் பார்த்து நிற்காது. கதவைத் தாழ் போடுங்கள். அந்தக் கோடு சுவரைக் காட்டும். ஓடி வருகிற பிள்ளையைக் காட்டாது. குவெஸ்டுக்குப் பத்து வயதுக்குக் கீழே வேண்டாம் என்று மெட்டாவே சொல்கிறது.

முதலில் காட்ட வேண்டியது ஓப்பன் பிரஷ், காற்றில் படம் வரைகிற செயலி, இலவசம். கூகுளின் டில்ட் பிரஷை 2021-இல் எல்லோருக்கும் திறந்துவிட்ட பிறகு அதிலிருந்து வந்தது. அம்மா அதில் புள்ளி வைத்துச் சிக்குக் கோலம் போட்டு, கோலத்தைச் சுற்றி நடந்து பின்பக்கம் போய்ப் பார்த்தார். ரூம்-ஸ்கேல் என்றால் என்ன என்று அதற்குப் பிறகு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை. துப்பாக்கி விளையாட்டை முதலில் போட்டுக்கொடுக்காதீர்கள். பட்டனை அழுத்தி ஓடுகிற விளையாட்டும் வேண்டாம். உடம்பு நிற்க, கண் ஓடினால் குமட்டும். நெற்றி வியர்த்து வாய் ஊறினால் உடனே கழற்றிவிடுங்கள், பழகிவிடும் என்று தொடராதீர்கள். கழற்றியதும் பைக் எடுக்க வேண்டாம், கொஞ்ச நேரம் உட்காருங்கள்.

வெயில்

அக்னி நட்சத்திர நாட்களில் இருபது நிமிடத்துக்கு மேல் ஓட்டுவதில்லை. ஹெட்செட்டில் முகம் படுகிற பஞ்சு மெத்தை வியர்வையை உறிஞ்சி நாறும். துடைக்கிற மாதிரி தோல் உறை வாங்கிப் போட்டுவிடுங்கள், இந்த ஒரு செலவுக்கு யோசிக்காதீர்கள். இதைவிட முக்கியம், ஜன்னல் வெயில் லென்ஸில் படவே கூடாது. லென்ஸ் பூதக்கண்ணாடி போல ஒளியைக் குவித்து உள்திரையைப் பொசுக்கிவிடும். அந்தப் புள்ளி பிறகு போகாது. கழற்றியதும் துணி மூடி டப்பாவில் வையுங்கள்.

பின்னர் சேர்த்தது

இதைப் படித்துவிட்டுத் திருமங்கலத்திலிருந்து ஒரு தம்பி, கரன்ட் போனால் என்ன ஆகும் என்று கேட்டிருந்தார். வைவ் உடனே நின்றுவிடும். மாதாந்திரப் பராமரிப்பு நாளில் தொடவே வேண்டாம். குவெஸ்ட் பேட்டரியில் சுமார் இரண்டு மணி நேரம் ஓடும், ஆனால் இருட்டில் கேமராவுக்கு அறை தெரியாது. வைவ் இருட்டறையிலும் ஓடும், கரன்ட் வேண்டும். குவெஸ்டுக்குக் கரன்ட் வேண்டாம், வெளிச்சம் வேண்டும்.

அண்ணா நகரிலிருந்து ஒரு அக்காவுக்கு வேறு சிக்கல். குவெஸ்ட் பகலில் ஒழுங்காக ஓடுகிறது, ராத்திரி டியூப்லைட் போட்டால் இடம் தெரியவில்லை என்கிறது. அமைப்புகளில் டிராக்கிங் அலைவரிசை என்று ஒன்று இருக்கும், அதை 50 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அவர் வீட்டுச் சுவர் நாலும் புதிதாக வெள்ளை அடித்தவை, ஒரு படம் கூட இல்லை. வெற்றுச் சுவரில் கேமராவுக்கு அடையாளம் எதுவும் கிடைக்காது. இரண்டு சுவரில் தினசரி காலண்டரும் பிள்ளையின் உலக வரைபடமும் மாட்டச் சொன்னேன். இப்போது ராத்திரியும் ஓடுகிறது.