பிளானுக்குச் சரி சொல்லும் முன் கோலமாவு

வீட்டு பிளானுக்குச் சரி சொல்லும் முன், காலி மனையில் அதே அளவுக்குக் கோலமாவால் அறைகளைக் கோடு போட்டு உள்ளே நடந்து பாருங்கள். சுவரின் 9 அங்குலக் கனத்தையும் சேர்த்துப் போடுங்கள். வெளியளவு 10 அடி என்றால் உள்ளே எட்டரைதான் மிஞ்சும். ஒரு கட்டிலைப் போட்டு, பக்கத்தில் ஆள் நிற்கும்போது தாண்டிப் போக முடிகிறதா என்று பாருங்கள். காகிதத்தில் தாராளமாகத் தெரிந்த அறை, தோள் இடிக்கும்போதுதான் நெருக்கடி என்று புரியும். மாற்றிப் போட ஒரு பிடி மாவுதான் செலவு.

ஆனால் திறந்த வானத்தின் கீழ் எந்த அறையும் சின்னதாகத்தான் தெரியும். அதற்காக அளவைக் கூட்டிவிடாதீர்கள். கூரை உயரமும் வெளிச்சமும் இதில் பிடிபடாது. கிருஷ்ணகிரிப் பக்கம் பாறையும் சரிவுமாக இருக்கும் மனைக்கு இது வேலைக்கு ஆகாது, நெல் காயப்போடும் களத்திலோ மொட்டைமாடியிலோ போட்டுப் பார்க்கலாம்.