பல சர்வருக்கு ஒரே டேட்டா போகணுமா? நடுவுல ஒரு ஹப் வைங்க

சர்வர் ரெண்டு மூணு இருக்கிற வரைக்கும் ஒண்ணோட ஒண்ணு நேரா பேசிக்கிட்டா ஓடிடும், ஆனா பத்து ஆச்சுன்னா எல்லாம் எல்லாத்தோடவும் பேச 45 கனெக்ஷன் வேணும், இருபதுன்னா 190, இதுல ஒரு சர்வரோட ஐபி மாறினா மத்த எல்லாத்துலயும் போய் கான்ஃபிக் மாத்தணும். நடுவுல ஹப் இருந்தா ஒவ்வொண்ணும் அதுகிட்ட மட்டும் பேசினா போதும்.

இந்த ஹப் வேலையைச் செய்யுற சாஃப்ட்வேர்ல காஃப்காவை வச்சு சொல்றேன், அது லிங்க்ட்இன்ல அவங்க தேவைக்கு எழுதி 2011ல ஓப்பன் சோர்ஸ் ஆக்கினது. சின்ன செட்டப்னா, ஏற்கனவே ரெடிஸ் (மெமரில டேட்டா வைக்கிற டேட்டாபேஸ்) ஓடுதுன்னா, அதுலயே இருக்கிற ரெடிஸ் ஸ்ட்ரீம்ஸ் தாராளமா போதும், இதுக்காக பெருசா எதையும் ஏத்த வேணாம்.

முதல்ல எதை அனுப்பணும்னு முடிவு பண்ணுங்க. முழு டேபிளையும் அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா தள்ளாதீங்க, மாறின ரோ மட்டும் போகட்டும், அதோட ஒரு ஐடியும் நேரமும் இருக்கட்டும். படம், வீடியோ மாதிரி பெரிய ஃபைலை ஸ்டோரேஜ்ல போட்டுட்டு பாத் மட்டும் அனுப்புங்க, காஃப்கால ஒரு மெசேஜோட டீஃபால்ட் லிமிட்டே சுமார் 1 எம்பிதான்.

அடுத்தது கீ, அதாவது ஒரு மெசேஜ் எந்தப் பகுதிக்குப் போகணும்னு முடிவு பண்ற அடையாளம். ஒரு டாப்பிக்கை (ஒரே வகை மெசேஜ் எல்லாம் சேர்ற இடம்) பல பார்ட்டிஷனா, அதாவது பகுதியா பிரிப்பீங்க, வரிசை மாறாதுங்கிற உத்தரவாதம் ஒரு பார்ட்டிஷனுக்குள்ள மட்டும்தான், அதனால ஒரே கஸ்டமரோட மாற்றம் எல்லாத்துக்கும் கஸ்டமர் ஐடியையே கீயா குடுங்க. பின்னாடி பார்ட்டிஷனை கூட்டினா எந்தக் கீ எங்க போகும்ங்கிறது மாறிடும், ஆரம்பத்துலயே கொஞ்சம் தாராளமா வச்சுக்கங்க.

இப்ப வாங்குற பக்கம், என்னைக் கேட்டா மொத்த டிசைனும் நிக்கிறது இங்கதான். புக்ல எந்தப் பக்கம் வரைக்கும் படிச்சோம்னு அடையாளம் வைக்கிற மாதிரி ஒவ்வொரு கன்சூமர் குரூப்புக்கும் (மெசேஜை பங்கு போட்டுப் படிக்கிற புரோகிராம்களோட கூட்டம்) தனித்தனி ஆஃப்செட் இருக்கு, ஒரு சர்வர் ரெண்டு மணி நேரம் படுத்துட்டு எழுந்தாலும் விட்ட எடத்துலேர்ந்து தானே படிச்சுக்கும், மத்தவங்க யாரும் அதுக்காக காத்திருக்க வேணாம். டீஃபால்ட்டா 7 நாள் டேட்டா இருக்கும், அதுக்கு மேல ஒரு சர்வர் டவுனா இருக்க வாய்ப்பிருந்தா ரிட்டென்ஷனை கூட்டுங்க. ஆஃப்செட்டை வேலை முடிஞ்ச பிறகுதான் கமிட் பண்ணணும், அதாவது இது வரைக்கும் படிச்சாச்சுன்னு பதியணும். முன்னாடியே பண்ணிட்டு நடுவுல கிராஷ் ஆனா அந்த மெசேஜ் போச்சு, பின்னாடி பண்ணினா சில மெசேஜ் ரெண்டு தடவை வரும், ரெண்டு தடவை வர்றது எவ்வளவோ பரவால்ல. ஐடி பாத்து அப்சர்ட் (ரோ இருந்தா மாத்து, இல்லன்னா சேர்) பண்ற மாதிரி எழுதிட்டா ஒரே மெசேஜ் மறுபடி வந்தாலும் டேட்டா கெடாது. இதை தயவு செஞ்சு தள்ளிப் போடாதீங்க.

வேகத்துக்கு பேட்ச்சும் கம்ப்ரெஷனும். லிங்கர் நேரத்தை (மெசேஜ் சேரட்டும்னு அனுப்பாம காத்திருக்கிற நேரம்) 10, 20 மில்லி செகண்டுக்கு வச்சு எல்இசட்4 இல்லன்னா இசட்எஸ்டிடி கம்ப்ரெஷன் போடுங்க, மெசேஜ் கூட்டமா சேர்ந்து போறப்பதான் கம்ப்ரெஷனும் நல்லா வேலை செய்யும்.

ஹப்பே விழுந்தா எல்லாமே நிக்கும்ல, அதனால குறைஞ்சது மூணு புரோக்கர் (காஃப்கா ஓடுற சர்வர்), ரெப்ளிகேஷன் 3 (டேட்டாவுக்கு மூணு காப்பி), மினிமம் இன்சிங்க் ரெப்ளிகா 2 (குறைஞ்சது ரெண்டு காப்பி அப்டேட்டா இருக்கணும்), அனுப்புற பக்கம் ஆக்ஸ் (எழுதியாச்சுன்னு வர்ற பதில்) செட்டிங்கை ஆல்னு வைங்க. ஒரு புரோக்கர் போனாலும் ஓடும். மூணையும் ஒரே மெஷின்ல போட்டா பிரயோஜனமே இல்ல. காஃப்கா 4.0 வெர்ஷன்லேர்ந்து ஜூகீப்பர் (புரோக்கர்களை ஒருங்கிணைக்க முன்னாடி தனியா ஓட்டின சாஃப்ட்வேர்) கிடையாது, புதுசா போடுறவங்க பழைய டுடோரியல் பாத்து அதை இன்ஸ்டால் பண்ண வேணாம்.

மெசேஜ் ஃபார்மேட்ல புது ஃபீல்ட் சேக்கலாம், டீஃபால்ட் வேல்யூவோட. இருக்கிற ஃபீல்டோட பேரை மட்டும் மாத்தாதீங்க, பழைய கோட் ஓடுற சர்வர் எல்லாம் உடையும்.

ஓட ஆரம்பிச்சதும் கன்சூமர் லேக்குக்கு (இன்னும் படிக்காம பாக்கி நிக்கிற மெசேஜ்) ஒரு அலர்ட் போடுங்க. லேக் ஏறி ஏறி இறங்குனா பரவால்ல, ஏறிக்கிட்டே போனா அந்த குரூப்ல கன்சூமரை கூட்டுங்க, ஆனா பார்ட்டிஷன் எண்ணிக்கைக்கு மேல போட்டா மீதி சும்மாதான் உக்காந்திருக்கும். அதுக்கும் முன்னாடி டேட்டாபேஸ்ல ஒவ்வொரு ரோவா எழுதுறீங்களான்னு பாருங்க, நிறைய நேரம் அடைப்பு அங்கதான் இருக்கும், நூறு நூறா சேத்து எழுதினாலே லேக் இறங்கிடும்.