நாடகத்தில் முரண்நகையைக் கண்டுகொள்வது எப்படி?

மயிலாப்பூர் சபாக்களில் நாடகம் பார்க்கிறவர்களுக்கு இது பழக்கமான விஷயம்: மேடையில் ஒருவர் சாதாரணமாக ஒரு வசனம் பேசுவார், அரங்கம் அதிரும். அவருக்குத் தெரியாத ஏதோ ஒன்று நமக்குத் தெரிந்திருப்பதால் வரும் சிரிப்பு அது. இப்படிப் பேசுபவருக்குத் தெரியாத பொருள் பார்ப்பவருக்குத் தெரிவதுதான் நாடக முரண்நகை. அச்சில் படிக்கும்போது பக்கத்தில் சிரித்துக் காட்ட ஆள் இல்லை. அதற்குத்தான் இந்த வழிமுறை. உவமை, உருவகம் எல்லாம் பள்ளியில் படித்ததே போதும்.

படி 1. சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதையை எடுங்கள். காப்பியம்தான்; ஆனால் நாடகக் காப்பியம் என்றே பெயர் பெற்றது. உரையுடன் கூடிய சொந்த அச்சுப் பிரதியும் பென்சிலும் வேண்டும். கைப்பேசித் திரையை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஓரத்தில் எழுத இடமில்லாமல் இந்த முறை நடக்காது.

படி 2. பதிகத்தை, அதாவது நூலின் தொடக்கத்தில் உள்ள முன்னுரைப் பாடலை, முதலில் படியுங்கள். பலர் தாண்டிப் போவது இதைத்தான். பொற்கொல்லன்தான் திருடன் என்பது உட்பட முழுக் கதையும் அங்கேயே சொல்லப்பட்டுவிடுகிறது.

படி 3. எல்லோரும் தடுமாறும் இடம் இது, நிதானமாகச் செய்யுங்கள். ஓரத்தில் மூன்று பத்திகள் போடுங்கள்: கோவலன், கொல்லன், படிப்பவர். ஒவ்வொரு பேச்சுக்கும் யாருக்கு எது தெரியும் என்று குறியுங்கள்.

“காவலன் தேவிக்கு ஆவதோர் காற்கணி”யை விலைமதிக்க உன்னால் ஆகுமா என்று கோவலன் கேட்கிறான். சிலம்பின் உயர்வைச் சொல்ல வந்த பேச்சு. எதிரே நிற்பவனோ அந்தத் தேவியின் சிலம்பையே திருடி வைத்திருப்பவன். தன் களவைச் சுமத்த ஆள் தேடுபவனிடம், இது அரசிக்குரிய சிலம்பு போன்றது என்று கோவலனே வாய்விட்டுச் சொல்கிறான். கோவலன் பத்தியில் ‘விற்க வேண்டும்’ என்பது மட்டும் இருக்கும். மற்ற இரண்டும் நிரம்பி வழியும். அந்த இடைவெளிதான் முரண்நகை. அதைக் கண்டபின் அந்த வரியைக் கலங்காமல் படிக்க முடியாது.

படி 4. அணியின் பெயரைச் சொல்லிவிட்டு நகராதீர்கள். மதுரையை நெருங்கும்போது மதில்கொடிகள் ‘வாரல்’ என்று கைகாட்டி மறிப்பதுபோல் அசைகின்றன. தற்குறிப்பேற்ற அணி என்று எழுதினால் தேர்வில் மதிப்பெண் கிடைக்கும். ஆனால் அந்த எச்சரிக்கை யாருக்குக் கேட்கிறது? நமக்கு மட்டும். கோவலனுக்கும் கண்ணகிக்கும் அது காற்றில் ஆடும் கொடி.

பின்சேர்க்கை: வஞ்சப்புகழ்ச்சியும் (புகழ்வதுபோல் பழிப்பது) இதுவும் ஒன்றா என்று சிலர் கேட்டிருந்தார்கள். நல்ல கேள்வி. தொண்டைமானின் படைக்கலங்கள் பீலியும் மாலையும் அணிந்து, நெய் பூசப்பட்டுக் காவல் மனையில் இருக்கின்றன என்று ஔவையார் புறநானூற்றில் பாடுகிறார். அதியமானுடையவையோ நுனி சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கின்றனவாம். எவனுடைய வேல் போர் கண்டது என்பது ஔவைக்கு நன்றாகத் தெரியும். பேசுபவருக்கே இரண்டு பொருளும் தெரிந்திருந்தால் வஞ்சப்புகழ்ச்சி. கோவலனைப்போல் தெரியாமல் பேசினால் நாடக முரண்நகை.

இன்னொரு சிக்கல்: கதையை முன்கூட்டியே சொல்லும் பதிகம் இல்லாத நாடகங்களில் என்ன செய்வது? சுந்தரம் பிள்ளையின் மனோன்மணீயத்தை (1891) எடுங்கள். அங்கே அமைச்சன் குடிலனின் தனிமொழிகள்தான் அவன் சூழ்ச்சியை நமக்குக் காட்டுகின்றன. அவற்றுக்கு முதலில் குறியிட்டுவிட்டு, ஜீவக மன்னன் அவனை நம்பிப் பேசும் வரிகளுக்கு வாருங்கள்.