கிணற்று நீரில் கடலை அவியாத சிக்கல்: என் அனுபவம்

நோர்வேயில் வளர்ந்து யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் குடியேறிய நான் வெயிலுக்கும் கொசுவுக்கும் விரைவிலேயே பழகிக்கொண்டேன். ஆனால் இரவு முழுவதும் ஊறவைத்த கொண்டைக்கடலை குக்கரில் நெடுநேரம் அவிந்த பின்னரும் தோல் தடித்து, கடுக்கெனக் கடிபட்டதன் காரணம் மட்டும் பிடிபடவில்லை.

கடையை மாற்றினேன், குக்கரின் ரப்பர் வளையத்தையும் மாற்றினேன். பயனில்லை. பக்கத்து வீட்டு மாமி, "தம்பி, மழைத் தண்ணியிலை ஒருக்கா அவிச்சுப் பாருங்கோ" என்றார். அன்று கடலை விரலால் நசுங்கும் பதத்துக்கு வந்தது.

அதன் பின்னரே கேத்திலின் அடியைக் கவனித்தேன். அங்கே படிந்திருந்த வெண்படை நகத்தால் சுரண்டியபோது செதில்களாகப் பெயர்ந்தது. தேசிக்காய்ச் சாறு பட்டதும் நுரைத்தது. யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் அமைந்திருப்பதால் கிணற்று நீரில் கல்சியம் கரைந்திருக்கிறது. அது கடலையின் கலங்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்ரின் (pectin) என்ற பொருளுடன் பிணைந்து அதனை மென்மையாக விடுவதில்லை. நோர்வேயின் குழாய்நீரோ பெரும்பாலும் ஏரிகளிலிருந்து வரும், கல்சியம் குறைந்த மென்னீர்.

மழையை நம்பிச் சமைக்க முடியாதாகையால், இப்போது நீரை நன்கு கொதிக்கவைத்து, ஆறவிட்டு, அடியில் படிந்ததைக் கலக்காமல் மேல்நீரை மட்டும் வடித்தெடுத்து, அதிலேயே கடலையை ஊறவைத்து அவிக்கிறேன். பழைய கடலையாயின் ஊறும் நீரில் ஒரு சிட்டிகை அப்பச்சோடா சேர்ப்பேன். அதற்கு மேல் போட்டால் சவர்க்காரச் சுவை வந்துவிடும். புளிப்பான எதையும் கடலை அவிந்த பின்னரே சேர்க்க வேண்டும்.