ஸ்குவாட்டைப் பக்கவாட்டில் நின்று படிப்பது எப்படி? புதிய டிரெய்னர்களுக்கு உயிர்இயக்கவியல் செய்முறை

“முட்டி கால்விரலைத் தாண்டக் கூடாது.” ஸ்குவாட், அதாவது எடையோடு உட்கார்ந்து எழும் பயிற்சி பற்றி, டிரெய்னர் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் முதலில் மனப்பாடம் செய்வது இந்த வரியைத்தான். குட்டையான தொடை உள்ளவர், நீளமான தொடை உள்ளவர், கணுக்கால் இறுகியவர் என எல்லோருக்கும் இதையே சொல்லிக்கொண்டிருந்தால் சிலருக்கு முதுகு வலிக்கத் தொடங்கும். ஏன் என்று தெரிந்துகொள்ள ஒரு போனும் பத்தாம் வகுப்பு இயற்பியலும் போதும்.

முதலில் கொஞ்சம் கணக்கு

கதவைக் கீல் பக்கம் தள்ளினால் கஷ்டம், கைப்பிடிப் பக்கம் தள்ளினால் சுலபம். பாடப்புத்தகம் இதைத் திருப்புத்திறன் என்கிறது: விசையை, சுழலும் புள்ளியிலிருந்து அந்த விசைக்கோட்டுக்கு உள்ள செங்குத்துத் தூரத்தால் பெருக்க வேண்டும். உடம்பில் சுழலும் புள்ளி என்றால் மூட்டு.

பைசெப் கர்ல், அதாவது முழங்கையை மடக்கி டம்பெல்லைத் தூக்கும் பயிற்சி செய்யும் கையைப் பாருங்கள். முன்கை தரைக்கு இணையாக இருக்கிறது. 10 கிலோ டம்பெல் முழங்கையிலிருந்து 35 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது. 10 × 9.8 × 0.35, அதாவது சுமார் 34 நியூட்டன் மீட்டர். மேல்கையின் முன்பக்கத்தில் உள்ள பைசெப் தசையோ முழங்கையிலிருந்து ஏறக்குறைய 4 சென்டிமீட்டர் தள்ளித்தான் எலும்பைப் பிடித்திருக்கிறது. அது ஒன்றே இந்தச் சுமையைத் தாங்குவதாக வைத்துக்கொண்டால் சுமார் 860 நியூட்டன் இழுக்க வேண்டும். கிட்டத்தட்ட 87 கிலோ எடைக்குச் சமம்! முன்கையின் எடையை இதில் சேர்க்கவே இல்லை. மற்ற தசைகள் பங்குபோட்டுக்கொள்வதால் உண்மையில் பைசெப்பின் பாரம் குறையும். ஆனாலும் டம்பெல்லில் எழுதியிருக்கும் எண்ணும் தசை உணரும் பாரமும் வேறு வேறு என்பது இதிலிருந்து புரியும். கை தொங்கும்போது டம்பெல்லின் செங்குத்துத் தூரம் பூஜ்யத்தை ஒட்டி வந்துவிடுவதால்தான் கர்லின் ஆரம்பம் லேசாக இருக்கிறது.

படி 1: வீடியோ எடுங்கள்

போனை கிளையன்டின் இடுப்பு உயரத்தில், சரியாகப் பக்கவாட்டில், மூன்று மீட்டர் தள்ளி வையுங்கள். சாய்வாக எடுத்த வீடியோவில் தூரங்கள் பொய் சொல்லும். லேசான எடையில் ஐந்து ரெப் (ஐந்து முறை இறங்கி எழுவது) போதும்.

படி 2: ஒரு கோடு போடுங்கள்

மிகக் கீழே இறங்கிய நொடியில் வீடியோவை நிறுத்தி, ஷூ லேஸ் கட்டும் இடத்திலிருந்து, அதாவது பாதத்தின் நடுவிலிருந்து, மேலே செங்குத்தாகக் கோடு போடுங்கள். எடை கனமாக இருக்கும்போது, தோளில் இருக்கும் பார்பெல் (எடைத் தட்டுகள் மாட்டிய நீளக் கம்பி, சுருக்கமாக பார்) இந்தக் கோட்டை ஒட்டியே ஏறி இறங்க வேண்டும். முன்னால் போனால் குதிகால் தூக்கும், பின்னால் போனால் ஆள் சாய்வார்.

படி 3: இரண்டு தூரங்களைப் பாருங்கள்

கோட்டிலிருந்து முழங்கால் எவ்வளவு முன்னால் இருக்கிறது? இடுப்பு மூட்டு எவ்வளவு பின்னால் இருக்கிறது? முழங்கால் தூரம் கூடினால் முன்தொடைக்கு வேலை. இடுப்புத் தூரம் கூடினால் பிட்டத்துக்கும் கீழ்முதுகுக்கும் வேலை. ஒன்றைக் குறைத்தால் பெரும்பாலும் மற்றது கூடும்.

பார் 60 கிலோ, இடுப்பு 20 சென்டிமீட்டர் பின்னால் இருந்தால், பாரின் எடையால் மட்டும் இரண்டு இடுப்பு மூட்டுகளுக்கும் சேர்த்து சுமார் 118 நியூட்டன் மீட்டர். ஐந்து சென்டிமீட்டர் கூடினால் 147. பாரில் ஒரு தட்டுகூடச் சேர்க்காமல் கால் பங்கு கூடிவிட்டது.

முட்டி முன்னால் போகாமல் பலகை வைத்துத் தடுத்துச் செய்த ஓர் ஆய்வு 2003-இல் வெளியானது. முழங்காலில் திருப்புத்திறன் சுமார் 150 நியூட்டன் மீட்டரிலிருந்து 117-ஆகக் குறைந்தது. இடுப்பிலோ 28-லிருந்து 303-க்கு ஏறியது. முழங்காலைக் காப்பாற்றுவதாக நினைத்து எதன் தலையில் பாரத்தைக் கட்டுகிறோம் என்று பாருங்கள்.

“மாஸ்டர், முட்டி வெளிய போனா தேய்ஞ்சிடும்னு சொல்றாங்களே?” என்று கிளையன்ட் கேட்டால் அவருடைய வீடியோவையே காட்டுங்கள். குதிகால் தரையில் பதிந்து, வலி இல்லாமல், எடையைப் படிப்படியாகக் கூட்டிக்கொண்டு போனால், ஆரோக்கியமான முழங்கால் விரலைச் சற்றுத் தாண்டுவதில் பயப்பட ஒன்றுமில்லை.

படி 4: கணுக்காலைச் சோதியுங்கள்

செருப்பில்லாமல், சுவரைப் பார்த்து, பெருவிரல் சுவரிலிருந்து 10 சென்டிமீட்டர் தள்ளி இருக்கும்படி நிற்கச் சொல்லுங்கள். குதிகால் எழும்பாமல் முட்டி சுவரைத் தொட வேண்டும். தொட்டால் பெரும்பாலும் கணுக்காலில் பிரச்சினை இல்லை. தொடாவிட்டால், அவர் முன்னால் குனிவதற்குக் காரணம் சோம்பலோ பலவீனமோ என்று முடிவு கட்டாதீர்கள். கணுக்கால் வழிவிடவில்லை, அதனால் இடுப்பு பின்னால் போகிறது. இரண்டு காலையும் தனித்தனியாகச் சோதியுங்கள்.

படி 5: உடம்புக்கு ஏற்ப மாற்றுங்கள்

கணுக்கால் இறுகியவருக்குக் குதிகாலின் கீழ் மெல்லிய தட்டு வைத்தால் அன்றைக்கே வித்தியாசம் தெரியும். கூடவே கணுக்கால் பயிற்சியும் கொடுங்கள்.

நீளமான தொடை உள்ளவர் குனிந்துதான் ஆக வேண்டும். பாரைப் பாதத்தின் நடுவில் வைக்க அவருக்கு வேறு வழியில்லை. “நெஞ்சைத் தூக்கு” என்று கத்தினால் பின்னால்தான் விழுவார். காலை அகட்டி, பாதத்தைக் கொஞ்சம் வெளியே திருப்பச் சொல்லுங்கள். பக்கவாட்டிலிருந்து பார்க்கும்போது தொடையின் நீளம் குறைந்து, இடுப்பு கோட்டை நெருங்கும். டம்பெல்லை நெஞ்சுக்கு முன் பிடிக்கும் கோப்லெட் ஸ்குவாட்டும் இவர்களுக்கு நன்றாக வரும். முன்னால் இருக்கும் எடை சமநிலை தருவதால் உடம்பு நிமிரும்.

முன்பக்கத்திலிருந்தும் ஒரு வீடியோ எடுங்கள். எழும்போது முட்டிகள் உள்ளே மடங்கினால் எடையைக் குறைத்து, முட்டி பாதத்தின் திசையிலேயே போகப் பழக்குங்கள்.

மாற்றத்துக்குப் பிறகு அதே இடத்தில் போனை வைத்து மறுபடி எடுத்து, இரண்டு படங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். தூரம் மாறியிருக்கிறதா, வேலை எங்கே தெரிகிறது என்று அவரிடமே கேளுங்கள். மூட்டுக்குள் குத்துகிறது, வீங்குகிறது என்றால் அங்கேயே நிறுத்தி பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பிவிடுங்கள்.