பிரிட்டிஷ் மோட்டர்வேல பழைய போர்டைக் கண்டுபிடிக்கறது எப்படி

பிரிட்டனோட எக்ஸ்பிரஸ்வேதான் மோட்டர்வே, அங்க மிச்சமிருக்கற பழைய வழிகாட்டி போர்டைத் தேடறது எங்க பொழுதுபோக்கு. அழுக்கா, பாசி புடிச்சு, வெளுத்துப்போய் நிக்கற போர்டெல்லாம் பழசுன்னு நெனச்சீங்கன்னா மொத நாளே ஏமாந்துடுவீங்க, நானும் அப்படித்தான் ஏமாந்தேன். மரத்தடியில நிக்கற போர்டு சீக்கிரமே பச்சையாயிடும், தெக்க பாத்து வெயில் வாங்கிட்டு நிக்கறது நெறம் போயிடும், லாரிங்க சேறடிச்ச போர்டு போன வருஷம் நட்டதா இருந்தாலும் தாத்தா மாதிரிதான் தெரியும். பளபளன்னு இருக்கறதும் புதுசுன்னு சொல்லிட முடியாது, யாராவது வந்து கழுவிட்டுப் போயிருக்கலாம்.

சாதாரண ரோட்டுல பழசைக் கண்டுபிடிக்கறது ஈஸி. 1965 ஜனவரி 1ல அரசாங்கம் போட்ட வோர்பாய்ஸ் கமிட்டி சொன்ன புது டிசைன் அமலுக்கு வந்துச்சு, அதுக்கு முன்னாடி போட்டதெல்லாம் பாத்த ஒடனே தெரிஞ்சிடும், பூரா கேப்பிடல் எழுத்து, கறுப்பு வெள்ளை, எச்சரிக்கை போர்டுன்னா மேல தனியா ஒரு செவப்பு முக்கோணம். மோட்டர்வேல இந்தக் கதையே கெடையாது. மோட்டர்வேக்குன்னே 1957ல ஆண்டர்சன் கமிட்டின்னு ஒண்ணு போட்டாங்க, ஜாக் கின்னயர் டிசைன் பண்ணார், கூட மார்கரெட் கால்வர்ட், 1958 டிசம்பர் 5ல நாட்டோட மொத மோட்டர்வே பிரெஸ்டன் பைபாஸ் தொறந்தப்பவே நீலத்துல வெள்ளை எழுத்து, கேப்பிடலும் சின்ன எழுத்தும் கலந்து, இன்னிக்கு நாம பாக்கற அதே அமைப்பு வந்துடுச்சு. (ரோடுதான் தாங்கல, உறைபனியில மேல்பரப்பு பெயர்ந்து 46 நாள்ல மூடிட்டாங்க, போர்டு டிசைன் மட்டும் அறுபது வருஷம் தாண்டியும் ஓடுது.)

அதனால மோட்டர்வேல 1960கள்ல செஞ்ச போர்டும் நேத்து செஞ்ச போர்டும் 70 மைல் ஸ்பீடுல தாண்டும்போது ஒட்டிப்பொறந்த ரெட்டைங்க மாதிரிதான் இருக்கும். ஸ்டைலைப் பாத்து வயசு சொல்ல முடியாது. போர்டு ஒண்ணு சொல்லுது, ரோடு இப்ப வேற மாதிரி இருக்குன்னா, அந்த எடத்துலதான் நாம தேடற ஆள் நிக்கறார். இந்த ஒண்ணைப் புடிச்சுக்கிட்டா பாதி வேலை முடிஞ்சுது.

பொருந்தாதது எப்படி வருதுன்னா, பெரும்பாலும் ரோடு நம்பர் மாறினதாலதான். வேல்ஸுக்குப் போற வழியில இருக்கற செவர்ன் பாலம் 1966ல தொறந்தாங்க, அப்ப அது மேல போனது எம்4 மோட்டர்வே. 1996ல ரெண்டாவது பாலம் வந்ததும் எம்4 அங்க போயிடுச்சு, பழைய பாலத்து ரோடு எம்48 ஆயிடுச்சு. போர்டு நல்லாத்தானே இருக்கு, எதுக்கு மொத்தத்தையும் கழட்டணும்னு நம்பர் மேல மட்டும் ஒரு ஒட்டு போட்டு விட்டுடுவாங்க, இதைத்தான் பேட்ச்னு சொல்றோம். மான்செஸ்டர் சுத்தி இன்னும் சுவாரசியம், எம்63 முழுசும், எம்62, எம்66 ரெண்டுலயும் ஒவ்வொரு துண்டும் சேந்து இப்ப எம்60 ஆயிருக்கு, 2000ல வளையம் முழுசாச்சு. பாத்தீங்கன்னா மூணு பழைய நம்பர்லயும் கடைசி எண்ணை மாத்தினாலே போதும், எம்6 வரைக்கும் அப்படியே பொருந்துது! ஒரே ஒரு எண்ணை மூடற ஒட்டுல ஒரு மோட்டர்வே பேரே மாறிடும், அதனால அந்தப் பக்கம் போனா கடைசி சைபரை மட்டும் தனியா பாருங்க.

மத்த எடத்துல இப்படி அதிர்ஷ்டம் இல்ல. செயின்ட் ஆல்பன்ஸ் பக்கம் இருந்த எம்10ஐ 2009ல ஏ414ன்னு சாதா ரோடா ஆக்கிட்டாங்க, லண்டன்ல எம்41, ஏ40(எம்) ரெண்டும் 2000ல மோட்டர்வே அந்தஸ்தே போய் சாதா ஏ ரோடாயிடுச்சு. மோட்டர்வேயா இல்லாம போனா நீல போர்டு அங்க நிக்கக் கூடாது, பேட்ச் போட்டு சமாளிக்க முடியாது, மொத்தமா தூக்கிடுவாங்க. ஆனா அந்த ரோட்டுக்கு வழி காட்டற போர்டு ரெண்டு ஜங்ஷன் தள்ளி வேற ரோட்டுல நிக்கும், அங்க நம்பர் மட்டும் மாறியிருக்கும், அங்க போய் பாருங்க.

சரி, பேட்ச்சை எப்படிக் கண்டுபிடிக்கறது? ராத்திரிதான் பெஸ்ட். போர்டு மேல ஒட்டியிருக்கற ரிஃப்ளெக்டிவ் ஷீட் வருஷமாக ஆக ஒளி மங்கிடும், பேட்ச்சு அப்புறம் வந்ததால அது மட்டும் ஹெட்லைட்டுல பளிச்சுன்னு ஒரு செவ்வகமா எழுந்து நிக்கும், பகல்ல நூறு தடவை தாண்டிப் போன போர்டுல ராத்திரி ஒரே தடவையில தெரிஞ்சிடும். பகல்னா சாயங்கால வெயில் சாய்வா விழற நேரம் பாருங்க, ஒட்டோட விளிம்பு மெல்லிசா ஒரு கோடு போட்டுக் காட்டும். இன்னொண்ணு எழுத்து இடைவெளி. ஒரிஜினல்ல நம்பரும் ஊர் பேரும் அளந்து வெச்ச மாதிரி உக்காந்திருக்கும், பேட்ச் போட்டதுல நம்பர் ஒரு பக்கம் ஒதுங்கி, இல்லன்னா மூச்சு முட்டற மாதிரி நெருக்கியடிச்சு இருக்கும்.

மான்செஸ்டரை ஒட்டின ஸ்டாக்போர்ட் பக்கம் ஒரு சின்ன ரவுண்டானால நான் பாத்தது இன்னும் கண்ணுலயே நிக்குது. மழை விட்ட சாயங்காலம், கார நிறுத்திட்டு நடந்து போனேன், வெள்ளை போர்டுல நீலக் கட்டத்துக்குள்ள எம்60ன்னு இருந்துச்சு, கட்டத்தோட கீழ் மூலை மட்டும் லேசா பிரிஞ்சு சுருண்டு, உள்ள தண்ணி நின்னு, அந்த எடத்துல சைபருக்கு அடியில இன்னொரு எண்ணோட வளைவு எட்டிப் பாத்துச்சு, முழு வட்டமா போகாம இடது பக்கம் தொறந்தே இருந்துச்சு, மூணோட வயிறு. எம்63! கூட வந்த என் மனைவி குடைய புடிச்சுக்கிட்டு, இதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்னு கேட்டாங்க, ஆமா இதுக்குத்தான்னேன்.

அந்தக் கதையில ஒரு முக்கியமான விஷயம் இருக்கு, நான் பாத்தது மோட்டர்வேல இல்ல, மோட்டர்வேக்குப் போற ரோட்டுல. நல்ல பழைய சரக்கு நெறைய அங்கதான் கெடைக்கும். மெயின் மோட்டர்வேய அகலப்படுத்தினப்போ, எலக்ட்ரானிக் போர்டால ஸ்பீடைக் கட்டுப்படுத்தற ஸ்மார்ட் மோட்டர்வே ஆக்கினப்போ எல்லா போர்டையும் மாத்திட்டாங்க, ஆனா பக்கத்து ரவுண்டானாவும் சின்ன ரோடும் பெரும்பாலும் லோக்கல் கவுன்சில் கையில, அவங்ககிட்ட காசு இல்லன்னா போர்டு அப்படியே நிக்கும். அங்க நடந்து போகலாம், பக்கத்துல நின்னு பாக்கலாம், எவனும் கேக்க மாட்டான். வெள்ளை போர்டுல ஓரத்துக்கு நீலக் கோடு போட்டிருந்தா ஒரு நிமிஷம் நில்லுங்க, பக்கத்து ஊருக்கு வழி காட்ட வோர்பாய்ஸ் டிசைன்ல அப்படி ஒரு வகை இருந்துச்சு, 1994 விதிமுறையில அதை எடுத்துட்டாங்க. சாதாரண வெள்ளை போர்டுக்கு கறுப்பு ஓரம்தான். அதனால நீல ஓரம்னா குறைஞ்சது முப்பது வருஷம், கணக்கு முடிஞ்சுது. இவ்வளவு சுளுவான அடையாளம் இந்த வேலையில வேற எதுவும் இல்லன்னு நெனைக்கறேன்.

பக்கத்துல போக முடிஞ்சா பின்னாடி போய் பாருங்க. முன்பக்கம் எல்லாரும் பாப்பாங்க, ஜாதகம் பின்பக்கத்துலதான் இருக்கும். செஞ்ச கம்பெனி, எந்த ஸ்டாண்டர்டு, மாசம் வருஷம்னு ஒரு ஸ்டிக்கரோ அச்சோ இருக்கும், பிஎஸ் 873ன்னு இருந்தா பழைய பிரிட்டிஷ் ஸ்டாண்டர்டு, இஎன் 12899ன்னு இருந்தா பின்னாடி வந்த ஐரோப்பிய ஸ்டாண்டர்டு, சும்மா விட்டுட்டு அடுத்ததுக்குப் போங்க. ஸ்டிக்கர் வெளுத்துப்போயிருந்தா மொபைல் டார்ச்ச பக்கவாட்டுல அடிச்சுப் பாருங்க, சில நேரம் படிக்க முடியும். போர்டுக்கு மேலயோ கீழயோ நீட்டிக்கிட்டு லைட் இல்லாத வெறும் கை மட்டும் இருந்தா அதுவும் ஒரு க்ளூ, முன்னாடி லைட் போட்டுக் காட்டின போர்டு அது, 2016 விதிமுறை தளர்ந்ததுக்கு அப்புறம் நெறைய எடத்துல லைட்ட எடுத்துட்டாங்க.

வார்த்தையும் காட்டிக் கொடுக்கும். லண்டனுக்குக் கிழக்க தேம்ஸ் ஆத்தைத் தாண்டற டார்ட்ஃபர்ட்ல ராணி எலிசபெத் பாலம் 1991ல வந்துச்சு, அதுக்கு முன்னாடி டனல் மட்டும்தான், அதனால எங்கயாவது டார்ட்ஃபர்ட் டனல்னு வழி காட்டற போர்டு மிச்சம் இருந்தா அதோட வயசை நீங்களே சொல்லிடலாம். செவர்ன் பாலத்துல 2018 டிசம்பர்ல டோல் எடுத்துட்டாங்க, டோல்னு இருந்த எடத்தை மூடின நீலப் பட்டை தெரியுதான்னு பாருங்க. வேல்ஸ்ல இங்கிலீஷ் மட்டும் இருக்கற வழிகாட்டி போர்டும் சந்தேகப்பட வேண்டிய ஆள், இப்ப அங்க ரெண்டு மொழியும் இருக்கணும்.

கறுப்புப் பொட்டில வெள்ளையா இருக்குமே ஜங்ஷன் நம்பர், அதையும் விட்டுடாதீங்க. 1959 நவம்பர் 2ல எம்1 தொறந்தப்போ போர்டுல ஜங்ஷன் நம்பரே கெடையாது, பின்னாடி வந்ததுதான். அதனால அந்தப் பொட்டி தனித் தகடா போல்ட் போட்டு ஒட்டினாப்ல இருந்தாலோ, மூலையில எடம் இல்லாம எழுத்தை இடிச்சுக்கிட்டு இருந்தாலோ கொஞ்சம் கூர்ந்து பாருங்க.

எழுத்து வடிவம் பத்தி சொல்லாம போனா இந்த வட்டாரத்துல அடிப்பாங்க. ஊர் பேருக்கு ட்ரான்ஸ்போர்ட்னு ஒரு ஃபான்ட், ரோடு நம்பருக்கு மட்டும் மோட்டர்வேன்னு வேற ஒண்ணு, ஒசரமா ஒல்லியா இருக்கும், அதுல முழு எழுத்து வரிசையே கெடையாது, நம்பரும், ரோடு பேருக்கும் திசைக்கும் வேண்டிய ஒரு சில எழுத்தும்தான். ட்ரான்ஸ்போர்ட்ல சின்ன எல் எழுத்து கீழ லேசா வலது பக்கம் வளைஞ்சு முடியும், நேர் குச்சியா இருந்தா அது வேற ஃபான்ட், எவனோ அவசரத்துல கம்ப்யூட்டர்ல இருந்ததை வெச்சு அடிச்சிருக்கான், அதாவது புதுசுதான், பழசு இல்ல. இதுக்குப் பின்னாடி ஒரு சண்டையே நடந்துச்சு, டேவிட் கிண்டர்ஸ்லின்னு கல்லுல எழுத்து செதுக்கற ஒரு கலைஞர் கேப்பிடல்தான் நல்லா தெரியும்னு சொல்லி அவரே ஒரு வடிவம் போட்டார், ஆக்ஸ்ஃபர்ட்ஷயர்ல பென்சன் விமானத்தளத்துல கார் மேல போர்டு கட்டி ஓட்டி, ஆட்களை உக்கார வெச்சு எது மொதல்ல படிக்க முடியுதுன்னு சோதிச்சாங்க, கிண்டர்ஸ்லியோடது கொஞ்சூண்டு முன்னாடி வந்துச்சு, ஆனாலும் பாக்க நல்லால்லன்னு கின்னயரோடதையே எடுத்துட்டாங்க. எனக்கு அந்த முடிவு சரின்னுதான் படுது, நீங்க சண்டைக்கு வரலாம்.

எங்க போய் தேடறதுன்னு கேட்டா, கூட்டம் இல்லாத, அகலப்படுத்தாத ரோடுங்க. எம்45 சுமார் 8 மைல்தான், எம்1 தொறந்த அதே நாள் தொறந்தது, இப்ப ஏறக்குறைய காலியாத்தான் கெடக்கும். எம்50 ராஸ்-ஆன்-வைங்கற ஊர் பக்கம் போறது, இன்னும் ரெண்டு லேன்தான், சில ஜங்ஷன்ல ஏறி எறங்கற ஸ்லிப் ரோடு ரொம்ப குட்டி. எம்48 மேல சொன்னதுதான். ஆனா பெட்ரோல் போட்டுக் கெளம்பறதுக்கு முன்னாடி வீட்டுல உக்காந்து கூகுள் ஸ்ட்ரீட் வியூல ஒரு ரவுண்டு போங்க, அதுல பழைய தேதிக்குப் போற வசதி இருக்கு, பிரிட்டன்ல 2008 வரைக்கும் பின்னாடி போகலாம். 2008 படத்துலயே போர்டு வெளுத்திருந்தா நல்ல சகுனம், 2008ல வேற போர்டு நின்னா அந்த எடத்தை லிஸ்ட்ல இருந்து அடிச்சிடுங்க. இப்படியே எனக்கு பாதிப் பயணம் மிச்சமாச்சு. எம்96ன்னு ஒரு போர்டு போட்டோ கண்ணுல பட்டா குதிக்காதீங்க, அது மோர்ட்டன்-இன்-மார்ஷ்ல தீயணைப்பு வீரர்களுக்கு ட்ரெய்னிங் குடுக்கற காலேஜுக்குள்ள இருக்கற டம்மி மோட்டர்வே.

இப்ப கண்டிப்பா கேட்டுக்க வேண்டியது. மோட்டர்வேல நிறுத்தக் கூடாது, ஓரத்துல இருக்கற ஹார்ட் ஷோல்டர் எமர்ஜென்சிக்கு மட்டும், பழைய போர்டு எமர்ஜென்சி கெடையாது. எறங்கி நடக்கறதும் சட்டவிரோதம். ஓட்டிக்கிட்டே மொபைல கையில எடுத்து போட்டோ புடிச்சா 200 பவுண்டு ஃபைன், லைசன்ஸ்ல 6 பெனால்டி பாயின்ட், கால் பண்ணலயே படம்தானே எடுத்தேன்னு சொல்லித் தப்பிக்கற ஓட்டையையும் 2022 மார்ச்ல அடைச்சுட்டாங்க. டாஷ்கேம் போட்டுக்குங்க, போர்டைத் தாண்டும்போது சத்தமா எடத்தைச் சொல்லுங்க, ஆடியோல பதிஞ்சிடும், வீட்டுக்கு வந்து தேடறது சுலபம். எடம்னா எப்படின்னா, ஓரத்துல சின்ன நீலப் போர்டுல மூணு வரி இருக்கும், ரோடு நம்பர், ஏ இல்ல பி மாதிரி ஒரு எழுத்து, அதுக்குக் கீழ கிலோமீட்டர், அதைப் படிச்சா போதும், எந்தப் பக்கத்து ரோடு, எத்தனாவது கிலோமீட்டர்னு ரெண்டும் தெரிஞ்சிடும். மேம்பாலத்துல நடைபாதை இருந்தா அங்க இருந்து ஜூம் பண்ணி எடுக்கறது இன்னும் நல்லது, நிதானமா நூறு படம் எடுக்கலாம்.

கெடைச்சா முன்பக்கம், பின்பக்கம், கம்பத்தோட அடி, பேட்ச்சோட மூலை நாலையும் எடுத்துடுங்க, தேதியும் எழுதி வெச்சுக்குங்க. ஸ்டாக்போர்ட் போர்டுக்கு நான் முன்பக்கம் மட்டும்தான் எடுத்தேன், அடுத்த வசந்தத்துல ஸ்டிக்கர் பாக்கலாம்னு போனா அங்க ரெண்டு புது கம்பம், புத்தம் புது எம்60.